கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? பேட்டரியை மாற்றும் முன் வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டியவை

ஆம்பூரில் ஒரு கல்யாணம். சாப்பிட்டு, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் மே மாத வெயில் உச்சந்தலையில் நிற்கிறது. சாவியைத் திருப்பினேன். செல்ஃப் ஒரு முறை முனகியது. அப்புறம் "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பின் சீட்டில் மாமனார், மாமியார், இரண்டு பிள்ளைகள். மண்டபத்துப் பையன்கள் நான்கு பேர் தள்ளிவிட்ட பிறகுதான் வண்டி கிளம்பியது. காட்பாடி வந்து சேர்ந்ததும் புது பேட்டரி போட்டேன். மூன்று வாரம் நன்றாக ஓடியது. நான்காவது வாரம் அதே "டிக்". "இன்னாப்பா, மறுபடியுமா?" என்றார் மாமனார். அடுத்ததாக ஒருவர், எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரில்தான் கோளாறு என்று சொல்லி அதைக் கழற்றி சர்வீஸ் செய்து மாட்டினார். அந்தப் பணமும் போனது.

கடைசியில் பார்த்தால், எஞ்சினையும் பாடியையும் இணைக்கிற ஒரு முழ நீள எர்த் பட்டைதான் காரணம். அதன் முனையில் பச்சை பூத்து, உள்ளே இழை இழையாக அற்றுப் போயிருந்தது. சில நூறு ரூபாய்ப் பொருள். அன்றைக்கு என்னிடம் ஒரு மல்டிமீட்டர் இருந்து, அதை எங்கே வைத்துப் பார்ப்பது என்றும் தெரிந்திருந்தால் கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும். பேட்டரியில் உள்ள 12 வோல்ட் வழியில் எந்த இடத்தில் தொலைகிறது என்று அளந்து கண்டுபிடிப்பதுதான் இந்த வேலை முழுவதும். ஊகத்தில் ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போனால் செலவு ஏறும், கோளாறு அங்கேயே இருக்கும்.

இதைப் படிப்பவர் மெக்கானிக்காக இருக்கத் தேவையில்லை. வீட்டில் ஒரு பெட்ரோல் அல்லது டீசல் கார், ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

தேவையான பொருட்கள்

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. எலெக்ட்ரிக்கல் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதே நம் வேலைக்குப் போதும். 10 ஆம்பியர் வரை அளக்கும் தனித் துளை அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப் ஒன்று (ஒரு பக்கம் கூர்முனையும் மறு பக்கம் பாடியில் மாட்டும் கிளிப்பும் உள்ள சிறு விளக்கு). 10-ம் நம்பர் ஸ்பேனர், சில வண்டிகளுக்கு 12. உப்புத்தாள், பழைய டூத் பிரஷ், ஆப்ப சோடா, வாசலின். வண்டியோடு வந்த கையேடு இருந்தால் எடுத்து வையுங்கள், ஃபியூஸ் பெட்டியின் படம் அதில்தான் இருக்கும். ஒரு நோட்டும் வேண்டும். அளந்த எண்களை உடனே எழுதிக்கொள்ளாவிட்டால் அரை மணி நேரத்தில் எல்லாம் குழம்பிவிடும்.

கை வைப்பதற்கு முன்

கையில் உள்ள காப்பு, மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதே என்று நினைப்பவர்கள் உண்டு. ஷாக் அடிக்காதுதான். ஆனால் பிளஸ் டெர்மினலுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு காப்பு மாட்டிக்கொண்டால் அதன் வழியே நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். உலோகம் பழுக்கக் காய்ந்து கையைச் சுட்டுவிடும்.

பேட்டரியைக் கழற்றும்போது எப்போதும் மைனஸ் ஒயரை முதலில் எடுங்கள், திரும்ப மாட்டும்போது மைனஸைக் கடைசியாக மாட்டுங்கள். இதற்குக் காரணம் உண்டு. காரின் பாடி முழுவதும் மைனஸோடு சேர்ந்தது. பிளஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டால் பெரிய பொறி கிளம்பும். மைனஸ் ஏற்கெனவே கழன்றிருந்தால் பட்டாலும் ஒன்றும் ஆகாது.

சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் கூடாது. ஆசிட் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

இரண்டு நிறங்களை மட்டும் தொடவே வேண்டாம். ஆரஞ்சு நிறத் தடித்த கேபிள் ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார்களின் உயர் மின்னழுத்தப் பாதை. அது ஆளைக் கொல்லும். ஸ்டீயரிங், டேஷ்போர்டு பக்கம் மஞ்சள் நிறத்தில் உறையோ கனெக்டரோ இருந்தால் பெரும்பாலும் அது ஏர்பேக்குடையது. அங்கே டெஸ்ட் லேம்பை வைத்தால் ஏர்பேக் வெடித்துத் திறக்க வாய்ப்புண்டு.

முதலில் காதால் கேளுங்கள்

சாவியைத் திருப்பும்போது வருகிற சத்தமே பாதி விவரத்தைச் சொல்லிவிடும். "டிக்டிக்டிக்டிக்" என்று வேகமாக அடித்தால், செல்ஃபின் காந்த சுவிட்சான சோலனாய்டு இழுக்கப் பார்க்கிறது, அதற்கு வேண்டிய வோல்ட் நிற்கவில்லை என்று பொருள். பேட்டரி இறங்கியிருக்கலாம், டெர்மினல் லூஸாக இருக்கலாம். ஒரே ஒரு கனமான "டக்", அதன்பின் அமைதி என்றால் செல்ஃப் மோட்டாரையோ, அதற்குப் போகிற தடித்த கேபிளையோ, எர்த்தையோ சந்தேகப்படுங்கள். சத்தமே இல்லை, ஆனால் டேஷ்போர்டு விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன என்றால் செல்ஃப் ரிலே (சிறு கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), இக்னிஷன் சுவிட்ச், அல்லது கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் வண்டியாக இருந்தால் கிளட்ச் சுவிட்ச். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை, மீட்டரில் சாவிப் படம் போட்ட விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது என்றால் இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு ஏற்பாடு சாவியை அடையாளம் காணவில்லை. வீட்டில் இருக்கும் மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள்.

இன்னொரு எளிய சோதனை. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். விளக்கு மொத்தமாக மங்கி அணையப் பார்த்தால் பேட்டரி பக்கம் போங்கள். விளக்கு அப்படியே நிற்க, செல்ஃப் மட்டும் சுற்றவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிட்டு வேறு இடம் பாருங்கள்.

பேட்டரி: மூன்று அளவுகள்

வேலூர்க்காரர்களுக்கு வெயிலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. கத்திரி நாட்களில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது பானட்டுக்குள் அதைவிட மிக அதிகமாக இருக்கும். வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினையின் வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். தண்ணீர் ஆவியாகும், உள்ளே ஈயத் தகடு அரிக்கும். குளிரான ஊரில் ஐந்தாறு வருடம் வரும் பேட்டரி நம் ஊரில் மூன்று, நான்கில் கை விரிக்க இதுதான் காரணம். கெடுவது கத்திரியில், அது நமக்குத் தெரிவது பல நேரம் மார்கழி மாதக் காலையில். குளிரில் எஞ்சின் ஆயில் கெட்டியாகி, செல்ஃபுக்கு அதிக பலம் தேவைப்படும்போதுதான் பேட்டரியின் பலவீனம் வெளியே வரும்.

முதல் அளவு, ஓய்வில் இருக்கும்போது. இரவெல்லாம் நின்ற வண்டியில், காலையில் சாவி போடுவதற்கு முன் மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து இரண்டு டெர்மினலிலும் தொடுங்கள். கிளிப்பில் வைக்காமல், ஈயக் குமிழிலேயே முனையை அழுத்துங்கள். 12.6 அல்லது 12.7 என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0 வந்தால் கால்வாசிதான் மிச்சம். வண்டி ஓட்டிவந்த உடனே அளந்தால் 12.9, 13 என்று பொய்யாக ஏற்றிக் காட்டும். அவசரம் என்றால் ஹெட்லைட்டை ஒரு நிமிடம் எரியவிட்டு அணைத்து, கொஞ்சம் பொறுத்து அளக்கலாம்.

இரண்டாவது அளவு, ஸ்டார்ட் ஆகும் நொடியில். ஒருவர் சாவியைத் திருப்ப, நீங்கள் மீட்டரைப் பாருங்கள். நல்ல பேட்டரி 10 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கும். ஓய்வில் 12.6 காட்டியது ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியின் காலம் முடிந்தது. ஓய்வு அளவை மட்டும் பார்த்து "பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடக் கூடாது. செத்த பேட்டரியும் சும்மா இருக்கும்போது 12.5 காட்டும்.

என் கதையில் நான் தவறவிட்டது இங்கேதான். செல்ஃப் முனகி முனகிச் சுற்றுகிறது, ஆனால் பேட்டரியில் 11.5-க்கு மேல் நிற்கிறது என்றால் பேட்டரிமேல் பழி போடாதீர்கள். அதனிடம் சரக்கு இருக்கிறது, வழியில் ஏதோ தடுக்கிறது. அதற்கு என்ன செய்வது என்று சற்றுக் கீழே வருகிறது.

மூன்றாவது அளவு, எஞ்சின் ஓடும்போது. பேட்டரியில் 13.8 முதல் 14.5 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறது. ஹெட்லைட், புளோயர், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள், 13.2-க்கு மேல் நிற்க வேண்டும். 12.5 என்று இறங்கிக்கொண்டே போனால் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ஆல்டர்னேட்டருக்குப் போகும் ஒயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஆல்டர்னேட்டரைக் குறை சொல்லுங்கள். 15-ஐத் தாண்டினால், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. பேட்டரி கொதித்து, பல்புகளும் வரிசையாகப் போகும். ஒரு எச்சரிக்கை: எரிபொருள் மிச்சம் பிடிக்கும் ஸ்மார்ட் ஹைபிரிட் வகைக் கார்களில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும். அவற்றில் சில நேரம் 12.6 காட்டினாலும் கோளாறு என்று முடிவு கட்டாதீர்கள், ஹெட்லைட்டைப் போட்டுச் சற்று நேரம் பாருங்கள்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நின்றால் ஆல்டர்னேட்டர் போச்சு என்று சொல்லும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து யாரையும் இதைச் செய்ய விடாதீர்கள். கம்ப்யூட்டர் இல்லாத பழைய வண்டிகளின் காலத்துப் பழக்கம் அது. இன்றைய காரில் பேட்டரி சட்டென்று விலகினால் ஆல்டர்னேட்டரின் வோல்ட் ஒரு கணம் பல மடங்கு எகிறும். அந்த ஒரு கணத்தில் எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ எரிந்தால், நீங்கள் சோதிக்க நினைத்த ஆல்டர்னேட்டரைவிடப் பல மடங்கு செலவு.

டெர்மினல் சுத்தம்

வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால், மைனஸ் முதலில் என்ற வரிசையில் கழற்றி, வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்து பிரஷ்ஷால் தேயுங்கள். நுரைத்து வரும், அது ஆசிட் அடங்குகிறது என்பதற்கு அடையாளம். பேட்டரி மூடித் துளைக்குள் அந்தத் தண்ணீர் போகக் கூடாது. துடைத்துக் காயவைத்து, குமிழையும் கிளிப்பின் உள்பக்கத்தையும் உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து மாட்டி இறுக்குங்கள். வாசலினை மாட்டி முடித்த பிறகு மேலே தடவ வேண்டும். கையால் திருகினால் கிளிப் துளிகூட அசையக் கூடாது.

மூடி திறக்கும் வகை பேட்டரி என்றால் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். நம் பக்கத்து போர் தண்ணீரில் உள்ள உப்பு தகட்டைக் கெடுத்துவிடும். கேன் தண்ணீரும் வேண்டாம்.

வோல்ட் தொலையும் இடத்தைப் பிடிப்பது

யாராவது எனக்கு முன்பே சொல்லிக் கொடுத்திருக்கலாமே என்று நான் ஏங்கிய பகுதி இதுதான்.

செல்ஃப் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் கரன்ட் வேண்டும். அது பேட்டரி பிளஸிலிருந்து கேபிள் வழியே மோட்டாருக்குப் போய், எஞ்சின் உலோகம் வழியாக, எர்த் பட்டை வழியாக மைனஸுக்குத் திரும்ப வேண்டும். போகிற பாதையை எல்லோரும் பார்க்கிறார்கள், திரும்புகிற பாதையை யாரும் பார்ப்பதில்லை. இவ்வளவு கரன்ட் போகும் இடத்தில் ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலும் 1 வோல்ட்டுக்கு மேல் அங்கேயே போய்விடும். மீட்டரின் ஓம் அளவில் இந்தத் தடை தெரியாது. அதனால்தான் கரன்ட் ஓடும்போது அளக்க வேண்டும். என் வண்டி தள்ளினால் மட்டும் கிளம்பியதற்கும் இதுதான் காரணம்: இக்னிஷனுக்குச் சில ஆம்பியர் போதும், அது அறுந்த பட்டையின் மிச்ச இழைகள் வழியாகவே திரும்பிவிட்டது.

செய்முறை:

1. கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக் போடுங்கள். லுங்கி, துண்டு, தொங்கும் எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது.

2. மீட்டர் 20 வோல்ட் டிசியில். ஒரு முனை பேட்டரி மைனஸ் குமிழில், மறு முனை எஞ்சினின் சுத்தமான உலோகத்தில். பெயின்ட் மேல் வைத்தால் அளவு தவறும்.

3. உதவிக்கு இருப்பவர் ஐந்து நொடி செல்ஃப் அடிக்கட்டும். மீட்டர் 0.2, 0.3-க்குள் இருந்தால் எர்த் பாதை சரி. அதற்கு மேல் போனால் அந்த வழியில் கோளாறு. என் வண்டியில் 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

4. அடுத்து ஒரு முனை பேட்டரி பிளஸ் குமிழில், மறு முனை செல்ஃப் மோட்டாரில் தடித்த கேபிள் மாட்டியிருக்கும் போல்ட்டில். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

5. அளவு அதிகம் என்றால் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து அளந்துகொண்டே போங்கள்: குமிழுக்கும் கிளிப்புக்கும் நடுவே, கிளிப்பிலிருந்து பாடி போல்ட் வரை, பாடியிலிருந்து எஞ்சின் வரை. எந்தத் துண்டில் எண் எகிறுகிறதோ அதுதான் இடம்.

இந்த முறை செல்ஃபுக்கு மட்டும் அல்ல. ஹெட்லைட் மங்கல், ஹார்ன் மெலிவு, வைப்பர் மெதுவாகப் போவது எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். அந்தப் பொருளை ஓடவிட்டு, அதன் எர்த் ஒயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே அளந்து பாருங்கள்.

இரண்டு நாள் நின்றால் பேட்டரி இறங்குகிறதா?

வண்டியை நிறுத்தி வைத்தாலும் கடிகாரம், அலாரம், ஈசியூ நினைவகம் கொஞ்சம் கரன்ட் குடிக்கும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. சிறிய பெட்ரோல் கார்களில் வருகிற 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி அந்தக் கணக்கில் முழுதாக இறங்க 700 மணி நேரம், அதாவது 29 நாள் ஆகும். அதுவே அரை ஆம்பியர் கசிந்தால் 70 மணி நேரம். வெள்ளி இரவு நிறுத்திவிட்டு பஸ்ஸில் திருவண்ணாமலை போய் வந்தால் திங்கள் காலை வண்டி கிளம்பாது.

அளக்க, மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றுங்கள். கதவுகளைத் திறந்து வைத்து, பூட்டுக் கொக்கியை ஸ்க்ரூ டிரைவரால் மூடிய நிலைக்குத் தள்ளிவிட்டால் வண்டி, கதவு மூடியிருப்பதாக நினைத்துக்கொள்ளும். சாவி உங்களிடம் இருக்கட்டும். ஸ்மார்ட் கீ என்றால் வீட்டுக்குள் தூரமாக வையுங்கள். இப்போது மைனஸ் ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் குமிழுக்கும் நடுவே மீட்டரை இணையுங்கள். முதலில் சில ஆம்பியர் காட்டும், பயப்பட வேண்டாம். வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்க அரை மணி நேரம் பிடிக்கும். போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யவே கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

அரை மணிக்குப் பிறகும் 0.05-க்கு மேல் நின்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவி, எதை எடுக்கும்போது எண் விழுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கம்பெனியில் வந்த பொருள் இருக்காது, பின்னால் நாம் போட்டதுதான் இருக்கும்: ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபயர், டேஷ் கேமரா, டிராவல்ஸில் ஓடிய வண்டி என்றால் ஜிபிஎஸ் கருவி. டிக்கி விளக்கு அணையாமல் உள்ளே எரிந்துகொண்டிருப்பதும் அடிக்கடி நடக்கும். போனில் வீடியோவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடிப் பார்த்தால் தெரிந்துவிடும். எல்லா ஃபியூஸையும் உருவியும் எண் இறங்கவில்லையா? ஆல்டர்னேட்டரின் டயோடு வழியாகக் கசியலாம். அதன் தடித்த ஒயரை விலக்கிவிட்டு மீட்டரில் மறுபடி அளந்தால் உறுதியாகும். ஒயரை விலக்கும் முன் பேட்டரியை மொத்தமாகக் கழற்றிவிட வேண்டும்.

ஃபியூஸும் ரிலேயும்

ஃபியூஸின் நிறமே அதன் அளவு: பழுப்பு 7.5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, நிறமற்றது 25, பச்சை 30 ஆம்பியர். கழற்றிப் பார்க்கத் தேவையில்லை. சாவியை ஆன் செய்து, டெஸ்ட் லேம்பின் கிளிப்பைப் பாடியில் மாட்டி, ஃபியூஸின் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் ஒவ்வொன்றாக அதன் முனையை வையுங்கள். இரண்டிலும் எரிந்தால் நல்லது, ஒன்றில் மட்டும் எரிந்தால் ஃபியூஸ் போயிருக்கிறது.

போன இடத்தில் அதே அளவுதான் போட வேண்டும். 10 இருந்த இடத்தில் 30 போடுவதும், சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றிச் சொருகுவதும் வண்டிக்குத் தீ வைப்பதற்குச் சமம். ஃபியூஸ் எரியாவிட்டால் ஒயர் எரியும்.

புதியதும் உடனே போனால் எங்கேயோ ஷார்ட் இருக்கிறது. பத்து ஃபியூஸை எரித்துத் தேடுவதற்குப் பதில், 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயர் வைத்து ஃபியூஸ் இருந்த இடத்தில் சொருகுங்கள். அது 2 ஆம்பியருக்கு மேல் விடாது, அதனால் எதுவும் எரியாது. ஷார்ட் இருக்கும்வரை பல்பு பிரகாசமாக எரியும். இப்போது அந்தப் பாதையில் உள்ள ஒயர்க் கட்டுகளை ஒவ்வொன்றாக அசைத்து, கனெக்டர்களைப் பிரித்துக்கொண்டே போங்கள். எந்த இடத்தைத் தொடும்போது பல்பு மங்குகிறதோ அங்கேதான் ஒயர் உரசியிருக்கிறது. முன் கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய்க்குள் முதலில் பாருங்கள், கதவு திறந்து மூடித் திறந்து மூடியே அங்கே ஒயர் அறும்.

ரிலேயைச் சோதிக்க எளிய வழி, அதே எண் உள்ள பக்கத்து ரிலேயை மாற்றிப் போடுவது. பல வண்டிகளில் ஹார்ன் ரிலே இதற்கு உதவும்.

அடிக்கடி வரும் சில தொல்லைகள்

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிகிறது என்றால் பின் விளக்கின் எர்த் விட்டுப்போயிருக்கிறது. கரன்ட் திரும்ப வழி இல்லாமல் பக்கத்து பல்பு வழியாகப் போகிறது. இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாகத் துடித்தால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கும்.

ஹெட்லைட்டில் பெரும்பாலும் எச்4 வகை 60/55 வாட் ஹாலஜன் இருக்கும். இரவில் பெங்களூர் சாலையில் எதிர் வண்டிகளின் வெளிச்சத்தைப் பார்த்து 100 வாட் பல்பு வாங்கிப் போடத் தோன்றும். இரண்டு பல்புக்கு 10 ஆம்பியர் போக வேண்டிய ஒயரில் 17 ஆம்பியர் போகும், சுவிட்ச் உருகும். ரிலேயோடு தனி ஒயரிங் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள். அதற்கு முன் எர்த்தை அளந்து பாருங்கள். பல வண்டிகளில் அங்கே தொலைந்த 1 வோல்ட்டை மீட்டாலே வெளிச்சம் நன்றாகக் கூடும். புது ஹாலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொட வேண்டாம், எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூடேறி பல்பு சீக்கிரம் போகும்.

ஏசி புளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடி, மற்ற வேகங்களில் ஓடவில்லையா? மோட்டார் நன்றாக இருக்கிறது, ரெசிஸ்டர்தான் போயிருக்கிறது. பெரும்பாலும் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இரண்டு ஸ்க்ரூவில் இருக்கும். மோட்டாரையே மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ரேடியேட்டர் ஃபேனை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, பைபாஸில் வேகம் பிடித்தால் இறங்குகிறது என்றால் ஃபேன் ஓடவில்லை என்றே முதலில் சந்தேகப்படுங்கள். எஞ்சின் ஓட, ஏசியைப் போட்டால் சற்று நேரத்தில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, அப்புறம் ஃபேன் கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா என்று வரிசையாகப் பாருங்கள். வோல்ட் வந்தும் சுற்றவில்லை, எர்த்தும் சரி என்றால் மோட்டார் கெட்டிருக்கிறது. சரி செய்யாமல் ஏலகிரியின் 14 வளைவுகளில் ஏற்றினால் ஹெட் கேஸ்கட் போகும். சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்றும், விரலை உள்ளே விடாதீர்கள்.

எலியும் வெள்ளமும்

மழைக்காலத்தில் வயலோரம், காலி மனையோரம் நிற்கும் வண்டிக்குள் எலி ஏறும். பானட்டைத் திறந்தால் புழுக்கை, நெல் உமி, கடித்த பிளாஸ்டிக் துகள் தெரியும். புகையிலைக் காம்பு வைக்கச் சொல்வார்கள், எனக்கு அதில் பலன் கிடைத்ததில்லை. வண்டி நிற்கும் இடத்தில் நாய்ச் சோறு, அரிசி மூட்டை வைக்காமல் இருந்ததுதான் உதவியது. கடித்த ஒயரை முறுக்கி டேப் சுற்றி விட்டுவிடாதீர்கள். நம் வெயிலில் டேப்பின் பசை உருகி, ஒரே கோடையில் அது வழுக்கிக் கழன்றுவிடும். ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள்.

2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டபோது தாழ்வான தெருக்களில் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். தண்ணீர் வண்டியின் தரைக்கு மேல் ஏறியிருந்தால் சாவியைத் திருப்பவே வேண்டாம். மைனஸைக் கழற்றிவிட்டு, இழுத்துச் செல்லச் சொல்லுங்கள். ஈரமான கனெக்டரில் கரன்ட் பாய்ந்தால் சில நாளிலேயே பின்கள் அரித்துப் போகும். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

வழியில் நின்றுவிட்டால்

ஜம்ப் கேபிள் மாட்டும் வரிசை: சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் பிளஸில், மறு முனை நல்ல பேட்டரியின் பிளஸில். கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸில், அதன் மறு முனை செத்த வண்டியின் எஞ்சின் உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில் பொறி வரும், அது ஹைட்ரஜன் பக்கத்தில் வரக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. கழற்றுவது இதே வரிசையைத் தலைகீழாக. உதவிக்கு வந்த வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு செத்த வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள்.

எப்போது நிறுத்திக்கொள்வது

ஏர்பேக், ஏபிஎஸ், ஈசியூ சம்பந்தப்பட்ட விளக்கு அணையாமல் எரிந்தால், ஒயர் உருகிய வாடை வந்தால், கையை எடுத்துவிட்டு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போங்கள். வண்டியின் பிழை எண்களைப் படிக்க, போனில் இணையும் ஓபிடி கருவி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பேட்டரி இறங்கியிருந்தாலே சம்பந்தமில்லாத பத்துப் பிழை எண்கள் பதிவாகும். சார்ஜ் ஏற்றி, அழித்துவிட்டு, மீண்டும் வருவதை மட்டும் நம்புங்கள். கடைக்குப் போகும்போது நோட்டில் எழுதிய எண்களைக் காட்டுங்கள். "வண்டி ஸ்டார்ட் ஆகலை அண்ணா" என்பதைவிட "ஓய்வில் 12.6, செல்ஃப் அடிக்கும்போது 11.6, எஞ்சின் எர்த்தில் 2" என்று சொன்னால், நல்ல வேலைக்காரர் நேராக அந்த இடத்துக்குக் கையைக் கொண்டுபோவார்.

வேலை முடிந்து மாட்டும்போது

பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். பேட்டரியை இணைத்ததும் சில வண்டிகளில் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், அதனால் சாவி சட்டைப் பையில் இருக்கட்டும், ஒரு கண்ணாடி இறங்கியே இருக்கட்டும். ஆட்டோ விண்டோ மறந்துபோயிருந்தால் கண்ணாடியை முழுக்க ஏற்றி, சுவிட்சைச் சில நொடி அப்படியே பிடித்துக்கொண்டால் பல வண்டிகளில் திரும்பிவிடும். முதல் சில நிமிடம் ஐடிலிங் கொஞ்சம் தடுமாறலாம். கடிகாரத்தைச் சரிசெய்து, ஹெட்லைட்டைப் போட்டு, பேட்டரியில் கடைசியாக ஒரு முறை அளந்து, அந்த எண்ணையும் தேதியையும் நோட்டில் எழுதிவிட்டு பானட்டை மூடுங்கள்.